பூமாதேவிக் கடிகாரம்

நம் வயதுக்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. புது இடத்துக்கு அழைத்துப் போனால் அங்கே இருக்கும் பழைய சாமானைப் பார்த்து நின்றுவிடுவோம். பிள்ளைகள் முன்னே போய்விட்டு, திரும்பி வந்து கையைப் பிடித்து இழுக்க வேண்டியிருக்கும். போன மாதம் எனக்கு அதுதான் நடந்தது. மகனின் நண்பனுக்குக் கல்யாண வரவேற்பு. டவுனில் கடற்கரைப் பக்கம் பழைய வெள்ளைக்காரர் வீடுகளை ஓட்டலாக மாற்றியிருக்கிறார்களே, அப்படி ஒரு வீட்டில். கூடத்தில் ஒரு பளிங்கு மேடை, அதன்மேல் ஒரு கடிகாரம். வெண்கலத்தில் வார்த்துத் தங்க முலாம் பூசியது. வெள்ளை முகப்பு, ரோமன் எண்கள். முகப்புக்குப் பக்கத்தில் ஒரு வெண்கல வாலிபன் சாய்ந்து நின்றுகொண்டு யாழ் மாதிரி எதையோ மீட்டிக்கொண்டிருந்தான். மேலே போட்டிருந்த துணி இடுப்புக்குக் கீழேதான் இருந்தது. முள் அசையவில்லை.

"தொடாதீங்கம்மா" என்றான் சீருடை போட்ட பையன். நான் கையை நீட்டியிருந்தது அவன் சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது.

"நம்ம வூட்ல இதவிட நல்லதா ஒண்ணு இருந்துச்சு" என்று மகனிடம் சொன்னேன்.

"நம்ம வூட்லயா? பாகூர்லயா?" என்று சிரித்தான். அவன் சிரித்ததில் தப்பில்லை. நெல்லும் கரும்பும் போட்டு, அது வாய்க்கும் வயிற்றுக்குமே சரியாக இருந்த குடும்பம் எங்களுடையது. அரியாங்குப்பத்தில் வீடு கட்டிக்கொண்டு வந்த பிறகுதான் என் மகன் சோபாவையே பார்த்தான். அவனுக்கு மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன். உங்களுக்குப் பொறுமையும் இருக்கிறது, முட்டி வலியும் இருக்கிறது, பாதியில் எழுந்து போக மாட்டீர்கள்.

எங்கள் வீடு பாகூரிலிருந்து குருவிநத்தம் போகும் வழியில், வாய்க்கால் ஓரத்தில் இருந்தது. அப்பா, அம்மா, நான், கைக்குழந்தையாக என் தம்பி. எங்களோடு அத்தை, அப்பாவின் ஒரே தங்கை. அவளை டவுனில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். மாப்பிள்ளை சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்தவர்களை நம் பக்கம் அப்படித்தானே சொல்வோம். கல்யாணமான கொஞ்ச நாளில் மாமா பிரான்சுக்குப் போய்விட்டார். காகிதமெல்லாம் சரியானதும் அத்தையை அழைத்துக்கொள்வதாகப் பேச்சு. டவுனில் மாமாவின் அப்பாவும் காலமாகி, வாடகை வீட்டைக் காலி செய்ய வேண்டி வந்தபோது, அத்தை அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். மாட்டு வண்டியில் ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு கட்டில், வைக்கோல் சுற்றிய ஒரு மூட்டை. அந்த மூட்டைக்குள்தான் கடிகாரம் இருந்தது.

மாமாவின் அப்பா ஒரு பிரெஞ்சு நீதிபதி வீட்டில் குசினிக்காரராக இருந்தவர். நீதிபதி தன் ஊருக்குக் கப்பல் ஏறியபோது, அத்தனை வருஷம் சமைத்துப் போட்டவருக்கு அதைக் கொடுத்துவிட்டுப் போனாராம். வைக்கோலைப் பிரித்துப் பார்த்துவிட்டு அப்பா கேட்ட முதல் கேள்வி இதுதான்: "இன்னாடி இது, எந்தக் கோயில்லேர்ந்து தூக்கினு வந்த?"

கோயில் சாமான் என்று நினைக்கத்தான் தோன்றும். கதிர்க்கட்டு ஒன்றின்மேல் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கையில் சின்ன அரிவாள். தலையில் பூவுக்குப் பதில் கதிர் சூடியிருந்தாள். கடிகாரத்தின் முகம் அந்தக் கதிர்க்கட்டின் நடுவே பதிந்திருந்தது. கீழே பீடத்தில் ஒரு புடைப்புச் சித்திரம்: குதிரை பூட்டிய தேர், அதில் தாடிக்காரன் ஒருவன், அவன் கையில் மல்லாந்து கிடக்கும் ஒரு சின்னப் பெண். அவள் இரண்டு கையையும் மேலே தூக்கியிருந்தாள், மடியிலிருந்து பூ கொட்டிக்கொண்டிருந்தது. எல்லாமே தங்க நிறம். சாயங்கால வெயில் சன்னல் வழியாக அதன்மேல் விழும்போது எதிர்ச் சுவரில்கூட மஞ்சள் தெரியும்.

தெருவே வந்து பார்த்தது. யார் இந்தப் பெண் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். கடைசியில் அம்மாதான் தீர்ப்புச் சொன்னாள்.

"தேரு கீது, தூக்கினு போறவன் கீறான், கத்தற பொண்ணு கீது. ராவணன் சீதையத் தூக்கினு போறான், வேற இன்னா?"

"பத்துத் தல எங்கம்மா?" என்று நான் கேட்டேன்.

"சாமியார் வேசத்துலதான வந்தான்? அப்ப ஒரு தலதான். தாடியப் பாரு."

சீதையின் அம்மா யார்? பூமாதேவி. அப்படியானால் மேலே அரிவாளும் கதிருமாக உட்கார்ந்திருப்பவள் பூமாதேவியே. இதைவிடப் பொருத்தம் என்ன வேண்டும்? பாகூர் ஏரித் தண்ணீரில் நெல் விளைவிக்கிற ஜனங்களுக்குக் கதிர்க்கட்டின்மேல் உட்கார்ந்திருப்பவள் வேறு யாராக இருக்க முடியும்? அன்றையிலிருந்து அது பூமாதேவிக் கடிகாரம். அந்த அம்மாளுக்கு மார்பில் ஒரு பக்கம் துணி இல்லை. அப்பா அதைப் பார்க்காத மாதிரி பார்த்துவிட்டு, "ஏதாவது கட்டி வுடு" என்று சொன்னார். அத்தை தன் பழைய சேலையின் சரிகையில் ஒரு விரல் அகலம் கிழித்துத் தாவணியாகப் போட்டுவிட்டாள். வெள்ளிக்கிழமை தோறும் நெற்றியில் குங்குமமும் வைப்பாள்.

அந்தக் கடிகாரத்தின் சாவி அத்தையின் தாலிக் கயிற்றில், ஊக்குகளோடு ஊக்காகத் தொங்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் தலைக்குக் குளித்துவிட்டு, ஈர முடியை முடிச்சுப் போட்டுக்கொண்டு, குனிந்து அப்படியே கழுத்திலிருந்து கழற்றாமல் சாவி கொடுப்பாள். முகத்துக்கும் கடிகாரத்துக்கும் நடுவே கொஞ்சம்தான் இடைவெளி இருக்கும். கண்ணாடி மூடியைப் பிடித்துக்கொண்டு நான் பக்கத்தில் நிற்பேன். சீயக்காய் வாசனையும் அந்தக் கடிகாரத்தின் எண்ணெய் வாசனையும் கலந்து வரும். அரை மணிக்கு ஒரு தடவை அடிக்கும். பித்தளைக் கிண்ணத்தை விரலால் சுண்டின மாதிரி, அவ்வளவு மெல்லிய சத்தம். வீட்டில் எவ்வளவு இரைச்சல் இருந்தாலும் அது கேட்கும். எனக்கு இப்போதும் சில மத்தியான வேளைகளில் கேட்கிறது. காது டாக்டரிடம் சொன்னேன், வயசானால் அப்படித்தான் என்றார். இருக்கட்டும், இந்த ஒரு சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கட்டும் என்று மருந்து வாங்காமல் வந்துவிட்டேன்.

தெருவில் குழந்தை பிறந்தால் உடனே யாராவது எங்கள் வீட்டுக்கு ஓடிவருவார்கள். ஜாதகம் எழுத நேரம் வேண்டுமே. அந்தக் கடிகாரமோ எப்போதும் கொஞ்சம் முன்னால் ஓடும். அத்தை முள்ளைத் திருப்ப மாட்டாள். "அது பாட்டுக்கு அது போவட்டும், நாம எதுக்கு கைய வெக்கணும்" என்பாள். எங்கள் தெருவில் அந்தக் காலத்தில் பிறந்தவர்களுக்கு ஜாதகம் பலிக்காமல் போனதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். என் தம்பிக்கு ராஜயோகம் என்று எழுதியிருந்தது. அவன் அரியூரில் ஆஸ்பத்திரி வாசலில் மருந்துக்கடை வைத்திருக்கிறான்.

நான் சொல்ல வந்தது ஒரு மார்கழியையும் தையையும் பற்றி.

மார்கழி ஆரம்பத்தில் பக்கத்து ஊர்ப் பென்ஷன்காரர் ஒருவர் வந்தார். அவரும் பழைய சொல்தாதான். பிரான்சுக்குப் போய்த் திரும்பியிருந்தார். கூடத்தில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டே அப்பாவிடம் சொன்னார்.

"உங்க மச்சானப் பாத்தேன்பா. தை பொறந்தா வர்றாராம். கடிகாரம் நல்லா கீதான்னு கேட்டாரு. பத்திரமா வெச்சிருக்கச் சொன்னாரு."

அப்பாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து அத்தையின் இடுப்பில் இடித்தாள். அத்தை சிரித்தாள். அந்தச் சிரிப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இத்தனை வருஷமாக ஊர் வாயில் அவள் அரைபட்டுக்கொண்டிருந்தாள். புருஷன் அழைத்துப் போவானா மாட்டானா என்பதுதான் தெருவில் பேச்சு. குழாயடியில் ஒருத்தி கேட்பாள், களத்து மேட்டில் ஒருத்தி கேட்பாள், "இன்னா, காயிதம் வந்துச்சா?" என்று. வராத காகிதத்துக்குப் பதில் சொல்லிச் சொல்லியே அவள் வெளியே போவதைக் குறைத்துக்கொண்டாள். இப்போது அவரே வருகிறார் என்றால் வேறு எதற்கு வருவார்?

அத்தையிடம் ஒரு ஜோடி ஷூ இருந்தது. மாமா போகும்போது வாங்கிக் கொடுத்தது. அந்த ஊர்க் குளிருக்கு வேண்டும் என்று சொல்லியிருந்தாராம். யாரும் பார்க்காதபோது மாட்டுக் கொட்டகைக்குப் போய் அதைப் போட்டுக்கொண்டு நடந்து பழகுவாள். சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எருமைக்கு முன்னால் போய்த் திரும்பி, மறுபடி வருவாள். எனக்கு மட்டும் இது தெரியும். பென்ஷன்காரர் வந்த அன்றைக்கு அவர் போகும்போது, கொல்லைப்பக்கம் கிணற்றடியில் கை கழுவ அத்தை தண்ணீர் இறைத்து ஊற்றினாள். இருவரும் ஏதோ பேசிக்கொண்டார்கள். என் காதில் விழவில்லை. அவர் போன பிறகும் அவள் இறைத்துக்கொண்டே இருந்தாள், தொட்டி வழிந்து வாழை மரத்தடிக்கு ஓடியது. அதற்கப்புறம் அவள் ஷூ போட்டுக்கொண்டு நடக்கவில்லை. நன்றாகப் பழகிவிட்டாள், இனிப் பழக வேண்டாம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

வீடு மாமாவுக்காகத் தயாரானது. சுண்ணாம்பு அடித்தார்கள். அப்பா ஒரு நாற்காலி வாங்கி வந்தார், பிரெஞ்சுக்காரர் கீழே உட்காருவாரா என்ற சந்தேகத்தில். அம்மா முறுக்கு சுட்டாள். அத்தை எல்லா வேலையும் செய்தாள், ஆனால் எதையும் கேட்கவில்லை, எதையும் சொல்லவில்லை. வெட்கம் என்று எல்லோரும் சொன்னார்கள்.

போகி வந்தது. போகியன்று காலையில் நம் வீடுகளில் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பழசையெல்லாம் கொளுத்தின சாம்பல் ஒரு பக்கம், கிணற்றடியில் மலை மாதிரி பித்தளைப் பாத்திரம் ஒரு பக்கம். அண்டா, தவலை, குத்துவிளக்கு, சொம்பு, எல்லாம் புளியும் செங்கல் தூளும் போட்டுத் தேய்க்க வேண்டும். செங்கல்லைப் பொடித்துச் சலித்துக் கொடுப்பது என் வேலை. அம்மாவுக்குத் தேய்ப்பதில் ஒரு வெறி உண்டு. அவள் தேய்த்த சொம்பில் முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம்.

விளக்கெல்லாம் முடிந்ததும் அம்மாவுக்குக் கடிகாரம் ஞாபகம் வந்தது. இத்தனை வருஷக் குங்குமமும் கற்பூரப் புகையும் படிந்து பூமாதேவி கொஞ்சம் மங்கியிருந்தது உண்மை. மாமா வந்து பார்த்தால் என்ன நினைப்பார்? அத்தை பொங்கல் சாமான் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். அம்மா கடிகாரத்தைத் தூக்கி வந்து, முகத்துக்கும் பின்பக்க இயந்திரத்துக்கும் தண்ணீர் படாமல் பழந்துணி சுற்றி இறுக்கிக் கட்டினாள். அவ்வளவு கவனம். பிறகு புளியைப் பிசைந்து, தூளைத் தொட்டு, பூமாதேவியின் காலிலிருந்து ஆரம்பித்து மேலே போனாள். தேர், குதிரை, ராவணன், சீதை, பூ ஒவ்வொன்றாகத் தேங்காய் நாரால் இடுக்கு விடாமல் தேய்த்தாள். தண்ணீர் ஊற்றியபோது பளபளவென்றுதான் இருந்தது. துடைத்து வெயிலில் வைத்தாள்.

காயக் காயத் தெரிந்தது. தங்கம் எங்கேயும் இல்லை. முழங்கால் பளிச்சென்று செம்பு நிறம், தோள் வெளுத்த மஞ்சள், மடியில் பழுப்பு. மடிப்புகளின் இடுக்கில் மட்டும் பழைய பொன் கோடு கோடாக ஒட்டிக்கொண்டிருந்தது. அம்மாவுக்குப் பித்தளை தெரியும், செம்பு தெரியும், வெண்கலம் தெரியும். மேலே பூசின தங்கத்தை அவள் எங்கே பார்த்தாள்? எந்தப் பாத்திரமானாலும் புளி போட்டால் புதுசாகும் என்பதுதான் அவள் வாழ்க்கையில் கண்டது.

கடைத்தெருவிலிருந்து வந்த அத்தை கூடையை இறக்கிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தாள். கையால் தொட்டுப் பார்த்தாள். அம்மா அழ ஆரம்பித்திருந்தாள்.

"வுடு அண்ணி. பொருள்தான" என்று மட்டும் சொன்னாள். உள்ளே தூக்கிப் போய், சரிகைத் தாவணியை மறுபடி கட்டிவிட்டாள்.

மாமா மாட்டுப் பொங்கலன்று வந்தார். வாடகைக் காரில், கோட்டு போட்டுக்கொண்டு. எனக்கு ஒரு டப்பா மிட்டாய், அம்மாவுக்குச் சோப்பு, அப்பாவுக்கு ஒரு கம்பளி. அத்தைக்கு ஒரு சால்வை. மெல்லிய பேச்சுக்காரர். கெட்டவர் என்று என்னால் இப்போதும் சொல்ல முடியவில்லை. நாற்காலியில் உட்காராமல் நேராகக் கடிகாரத்திடம் போனார். ரொம்ப நேரம் அதன் எதிரில் நின்றார். கட்டைவிரலால் பூமாதேவியின் முழங்காலைத் தடவினார். கன்னத்தைத் தொட்டார்.

"புளியா?" என்று கேட்டார்.

அம்மா தலையை ஆட்டினாள்.

"எங்கப்பா உலர்ந்த துணியாலகூட பயந்து பயந்துதான் தொடைப்பாரு" என்றார். அப்புறம் சிரிக்க முயன்றார். அப்பா அம்மாவைப் பார்த்த பார்வையில் அவள் குசினிக்குள் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் மாமா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்காரவைத்துக்கொண்டார். பூமாதேவியின் கதையை நான் அவருக்குச் சொன்னேன், ராவணன் சாமியார் வேஷம் உட்பட. அவர் ஆச்சரியப்பட்டார்.

"ஏறக்குறைய சரியாத்தான் சொல்ற. இந்த அம்மா அந்த ஊருத் தானியத்துக்கு அம்மா. செரேஸ்னு பேரு. அவ பொண்ணு பூப் பறிச்சினு இருந்துச்சு. பாதாளத்து ராசா தேர்ல வந்து தூக்கினு பூட்டான். அம்மா தேடித் தேடி அழுதா. அவ அழுத வரிக்கும் ஒரு பயிரு மொளைக்கல. அப்புறம் சாமிங்க எல்லாம் பஞ்சாயத்துப் பண்ணி, வருசத்துல பாதி அங்க, பாதி இங்கன்னு முடிவு பண்ணாங்க."

கதவருகில் அத்தை நின்றுகொண்டிருந்ததை நாங்கள் பார்க்கவில்லை.

"சொன்ன மாதிரி பாதி வருசமாவது அனுப்பினானா?" என்று கேட்டாள்.

மாமா அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கடிகாரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு அவர் ஏன் பதில் சொல்லவில்லை என்று கோபமாக வந்தது. கதை தெரியாமலா சொல்ல ஆரம்பித்தார்? கடிகாரம் அரை மணி அடித்தது. அத்தை உள்ளே போய்விட்டாள்.

காணும் பொங்கல் முடிந்த மறுநாள் காலையில் அவர் கிளம்பினார். அத்தையின் டிரங்குப் பெட்டி கட்டிய நிலையில் கூடத்தில் இருந்தது, அப்பா கட்டவைத்திருந்தார். மாமா பெட்டியைப் பார்த்துவிட்டு, காகிதம் இன்னும் ஆகவில்லை, போய் அனுப்புகிறேன் என்றார். "கடிகாரம்?" என்று அப்பா கேட்டார். "இங்கயே இருக்கட்டும் மச்சான், அத எடுத்துனு போய் இனிமே..." என்று பாதியில் நிறுத்திக்கொண்டார். கார் வாய்க்கால் பாலத்தைத் தாண்டியதும் அப்பா திரும்பி அம்மாவைப் பார்த்துக் கத்தினார். அவர் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

"ஒரு பொருள வெச்சிக் காப்பாத்தத் துப்பில்லாத வூடுன்னு நெனச்சிட்டுப் போறான். பத்திரமா வெச்சிருன்னு ஆள் வெச்சிச் சொல்லி அனுப்பினான். என் தங்கச்சி வாழ்க்கையப் புளி போட்டுத் தேச்சிட்டியே."

அந்த வார்த்தை தெருவுக்குப் போயிற்று. நம் ஊரில் வார்த்தைக்குக் கால் முளைக்க எவ்வளவு நேரம்? அம்மன் தோலை உரித்துவிட்டார்கள், சும்மா விடுவாளா என்றார்கள் சிலர். பாவம் அந்தப் பொண்ணு, கைக்கு வந்தது அண்ணிக்காரியால் போச்சு என்றார்கள் மற்றவர்கள். குழாயடியில் அத்தையிடம் யாரும் காகிதம் வந்ததா என்று அப்புறம் கேட்கவில்லை. அவளுக்கு இடம் விட்டு, குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துவிட்டார்கள். நானும் ஊர் சொன்னதைத்தான் நம்பினேன். வளர்ந்த பிறகும் அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

காகிதம் வரவில்லை. ஆடி மாதம், அத்தை நாற்று நடப் போயிருந்தபோது, பழைய பாத்திரத்துக்குப் புதுப் பாத்திரம் கொடுக்கிறவர் தெருவில் வந்தார். இதைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது என்று சொல்லி அப்பா கடிகாரத்தைத் தூக்கி அவரிடம் கொடுத்தார். அவர் முகப்பையும் இயந்திரத்தையும் நெம்பி எடுத்துவிட்டு வெண்கலத்தை மட்டும் தராசில் வைத்தார். இயந்திரம் எடைக்கு ஆகாதாம். அதற்கு ஈடாக ஒரு அண்டா வந்தது. டவுனில் அந்த ஓட்டல் பையன் தொடாதே என்று சொன்னானே, அந்த மாதிரிப் பொருளை நாங்கள் நெல் அவிக்கும் அண்டாவாக மாற்றிக்கொண்டோம். நீதிபதி வீட்டுக் கூடத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்து, எவ்வளவோ பொட்டும் கற்பூரமும் வாங்கிய அம்மாள், அரிவாளும் கதிருமாகத் தலைகீழாகச் சாக்குக்குள் போனாள். நான் சாக்கைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் போனேன். அப்பா கூப்பிட்டார், திரும்பிவிட்டேன்.

சேறு காலோடு வந்த அத்தை, கடிகாரம் இருந்த இடத்தைப் பார்த்தாள். சுவரில் அது மறைத்திருந்த இடம் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. ஒன்றும் கேட்காமல் கால் கழுவப் போனாள். ரொம்ப நாளைக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் தலைக்குக் குளித்துவிட்டு வந்து அந்தச் சுவரருகில் கொஞ்சம் நிற்பாள். சாவி அவள் கழுத்திலேயே கடைசிவரை கிடந்தது.

அத்தை எங்களோடுதான் இருந்தாள். அப்பா அவள் பேருக்குக் கொடுத்த நிலத்தைத் தானே பார்த்துக்கொண்டாள். நடவுக்கு ஆள் கூப்பிடுவது, தண்ணீர் பாய்ச்சுவதற்குச் சண்டை போடுவது, எல்லாவற்றிலும் கெட்டிக்காரி என்று பேர் வாங்கினாள். என்னைப் பள்ளிக்கூடத்துக்கு மேல் படிக்க அனுப்பச் சொல்லி அப்பாவிடம் சண்டை போட்டதும் அவள்தான். எனக்கு என் அம்மாவைவிட அத்தைமேல் ஆசை. இந்த வயதில் அதைச் சொல்ல என்ன வெட்கம். ஈர முடியோடு கடிகாரத்துக்கு முன்னால் குனிந்த அந்த முகத்தை ஒரு தடவை பார்க்க முடியுமானால், இந்த அரியாங்குப்பம் வீட்டை எழுதிக் கொடுத்துவிடுவேன். மாமாவுக்கு முன்னாலேயே அவள் போய்விட்டாள். சுமங்கலியாகப் போனாள் என்று ஊர் பெருமையாகச் சொல்லி, பூவும் மஞ்சளுமாக அனுப்பிவைத்தது.

அப்பா தன் கடைசிக் காலம்வரை அம்மாவை விடவில்லை. ஒரு தட்டு உடைந்தாலும், ஒரு சாவி தொலைந்தாலும், "நீதான் புளி போட்டவளாச்சே" என்பார். அம்மா வாயைத் திறக்க மாட்டாள். அவள் நல்ல வாய்க்காரி, வேறு எதற்காவது அவர் குரலை உயர்த்தினால் பதிலுக்குப் பதில் கொடுப்பாள். இந்த ஒன்றுக்கு மட்டும் தலையைக் குனிந்துகொள்வாள். குற்ற உணர்ச்சி என்று நினைத்து நான் பரிதாபப்பட்டிருக்கிறேன்.

அம்மா இருந்தவரை நான் யாரிடமும் சொல்லாத விஷயம் இனிமேல்தான். இப்போது அவளும் இல்லை.

சில வருஷங்களுக்கு முன் ஒரு தை மாதம், பொங்கலுக்கு நான் ஊருக்குப் போயிருந்தபோது, பிரான்சிலிருந்து ஒரு பெண் எங்கள் ஊர் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தாள். தலை முக்கால்வாசி நரைத்திருந்தது, கண் மட்டும் மாமாவின் கண். மாமாவின் மகளாம். அவர் அங்கே இறந்துபோய்விட்டார், அவர் சொன்ன இடங்களையெல்லாம் பார்க்க வந்தேன் என்று உடைந்த தமிழில் சொன்னாள். அங்கே அவருக்கு ஒரு குடும்பம் இருந்திருக்கும் என்பதை நாங்கள் ஒருவாறு ஊகித்திருந்தோம். கடிகாரத்தால் மனசு முறிந்த பிறகு போய்க் கட்டிக்கொண்டிருப்பார் என்பதுதான் வீட்டில் கணக்கு. தம்பி இளநீர் வெட்டிக் கொடுத்தான். பேச்சுவாக்கில் அவள் தன் வயதைச் சொன்னாள்.

எனக்கும் அவளுக்கும் கொஞ்சம்தான் வித்தியாசம். அந்தப் போகியன்று நான் செங்கல் பொடித்துக்கொண்டிருந்தபோது, அவள் அங்கே நடக்கிற, பேசுகிற குழந்தை.

அவளைக் காரில் ஏற்றிவிட்டு, நான் கொல்லைப்பக்கம் போனேன். அம்மா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். கண் சரியாகத் தெரியாது, விரல் மட்டும் வேலை செய்யும். பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னேன்.

"அம்மா, அந்தப் பொண்ணு வயசக் கேட்டியா? மாமா இங்க வர்றதுக்கு முன்னாலயே அது பொறந்தாச்சு. நீ புளி போட்டதுக்கும் அவரு அத்தைய வுட்டுட்டுப் போனதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. சும்மாவே இத்தினி வருசம் மனசுல போட்டுனு இருந்த."

"தெரியும்" என்றாள் அம்மா.

"இன்னா தெரியும்?"

"அவருக்கு அங்க பொண்டாட்டி புள்ள இருந்தது. உங்கத்தைக்கு அந்தப் பென்ஷன்காரரு கிணத்தடியில சொல்லிட்டாரு. அவ யாருக்கும் சொல்லல. வந்து நேர்ல பாத்தா மனசு மாறுவாருன்னு இருந்தா. மாறல."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"உங்கப்பா கத்தனாரே, அன்னிக்கி மத்தியானம். நான் மாட்டுக் கொட்டாயில அழுதுனு கீறேன். உங்கத்த வந்து பக்கத்துல குந்திக்கினு எல்லாத்தையும் சொன்னா. நீ அழாத அண்ணி, உன்னால இல்லன்னா. சொல்லிட்டு என் கையப் புடிச்சிக்கினா. ஊரு உன்னால போச்சுன்னுதான சொல்லுது, அது அப்பிடியே இருக்கட்டுமான்னு கேட்டா. அண்ணனுக்குக்கூட தெரிய வேணாம்னா."

அப்பா சாகும்வரை பேசிய பேச்செல்லாம் காதில் வந்து மோதியது.

"நீ இன்னா சொன்ன?"

"இன்னா சொல்றது. தேச்சது நான்தான. இருந்துட்டுப் போவட்டும்னேன்."

"எவ்ளோ திட்டு வாங்கினம்மா நீ. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ அப்பாகிட்ட சொல்லியிருந்தா..."

அம்மா உரித்த மொச்சையை முறத்தில் தள்ளினாள். அடுத்த காயைத் தடவி எடுத்தாள்.

"திட்டு இன்னாடி பண்ணும். புருசன் வேணாம்னு தள்ளிட்டுப் போன பொண்ணுன்னு தெரிஞ்சா, அவ அந்தத் தெருவுல எப்பிடி நடப்பா?" என்றாள்.